கறுப்பு பிளாஸ்டிக்கில் படிந்த வேக்ஸ்: ரப்பரா, டர்பன்டைனா, தேங்காயெண்ணெயா?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் காரைக் கழுவிக் காயவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்த பேஸ்ட் வேக்ஸை, பெயின்ட் பளபளக்கப் பூசும் மெழுகுதான், நானே பூசினேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, கொசு வேறு, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கை வேகமாகப் போனது. கதவுக்குக் கீழே ஓடும் கறுப்பு கிளாடிங், சக்கரத்தைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பட்டை, சைடு மிரரின் அடிப்பாகம், வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் என்று எல்லா இடத்திலும் ஸ்பாஞ்சின் ஓரம் பட்டிருக்கிறது. இருட்டில் எதுவும் தெரியவில்லை. காலையில் மாலையும் சந்தனக் கிண்ணமுமாக வந்த அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அதுக்குள்ள வண்டிக்குத் திருநீறு பூசிட்டியா?" என்று கேட்டார். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது, மூன்று விரலால் இழுத்துப் பூசிய பட்டை மாதிரியே. திருநீறாக இருந்திருந்தால் ஈரத்துணியில் போயிருக்கும். இது துணி போட்டுத் துடைத்தால் ஈரம் இருக்கும் வரை மறைந்து, காய்ந்ததும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது.

வழக்கம்போல கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு வைத்தியம். மெக்கானிக் மண்ணெண்ணெய் என்றார். மச்சான் தேங்காயெண்ணெய் என்றார், அவர் வண்டிக்கு அதுதானாம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் அமெரிக்காவில் எல்லாம் பீனட் பட்டர்தான் அண்ணா என்றான். பெயின்ட் கடைக்காரர் டர்பன்டைனை எடுத்து நீட்டினார். எல்லாம் சேர்ந்து ஒரு குழப்பம் ஆனதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பக்க இரண்டு கதவுகளின் கிளாடிங்கை மாஸ்கிங் டேப்பால் ஏழு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வைத்தியம் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து அதே கட்டங்களை மறுபடி பார்த்தேன். கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானது அந்த ஏழு கட்டங்களின் கதைதான்.

எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள், அது வேக்ஸ்தானா என்று. கறுப்பு பிளாஸ்டிக் வெளுப்பதற்கு வெயிலும் காரணமாக இருக்கலாம், அதற்கு ரப்பரும் டர்பன்டைனும் ஒன்றும் செய்யாது. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். வேக்ஸ் என்றால் பெயின்ட் முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் ஓரத்தை ஒட்டி, கை போன திசையில் தீற்றலாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் நகத்துக்கடியில் வெள்ளை மாவு ஏறும், தண்ணீர் தெளித்தால் அந்த இடத்தில் மட்டும் முத்து முத்தாக உருளும். வெயில் வெளுப்பு அப்படி இல்லை, வண்டி தினமும் எந்தப் பக்கம் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறதோ அந்தப் பக்கம் முழுக்கச் சாம்பல் பூத்தாற்போலச் சமமாக இருக்கும், தண்ணீர் உருளாமல் பரவும். எங்கள் தெருவில் ஒருவர் ஆறு வருடம் வெயிலில் நின்ற வண்டியின் வெளுப்பை வேக்ஸ் என்று நினைத்து ஒரு டப்பா கிளீனரைக் காலி செய்தார், பிளாஸ்டிக் சுத்தமாகச் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

இது ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்த முறை வேலை செய்யும் என்பது அதில்தான் இருக்கிறது. கிளாடிங் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஆங்கில எழுத்தில் பிபி, ஈபிடிஎம், டிடி20 என்று அச்சிட்டிருப்பார்கள், பாலிப்ரோப்பிலீனோடு ரப்பரும் 20 சதவீதம் டால்க் பவுடரும் கலந்தது என்று அர்த்தம். மேல் பரப்பு வழவழப்பாக இல்லாமல் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பாக இருக்கும். கொத்திய அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்னி அரைத்த பிறகு மேலே வழித்தால் மேடு சுத்தமாகிவிடும், கொத்துக்குழியில் இருப்பது அப்படியே இருக்கும். துணி போட்டுத் துடைப்பது அந்த வழிப்பு மாதிரிதான். வேக்ஸ் டப்பாவில் இருப்பது வெறும் மெழுகும் இல்லை. மெழுகு, அதைக் கரைத்து வைத்திருக்கும் பெட்ரோலியக் கரைப்பான், கூடவே கறை எடுக்கும் ரகமாக இருந்தால் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி. கரைப்பான் ஆவியாகிப் போனதும் குழியில் மெழுகும் பொடியும் மாவாக உறைந்துவிடுகின்றன. பெயின்ட் மேல் இருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம், இங்கே தேய்க்கத் துணி உள்ளே போகாது.

அந்த மெழுகில் கர்னாபா என்று ஒன்று இருக்கும், பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைவகை மரத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. இது உருகுவது 82 முதல் 86 டிகிரி செல்சியஸில். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால் "சுடுதண்ணீர் ஊத்துனா போயிரும்ங்க" என்பது பாதி உண்மை. குளிக்கிற சூட்டில் கர்னாபா அசையாது, அதைச் சுற்றியிருக்கும் எண்ணெயும் பொடியும் மட்டும் கொஞ்சம் தளரும்.

ஆக என் கணக்கு இதுதான்: குழிக்குள்ளிருந்து அது வெளியே வர வேண்டும், குழி குழியாகவே இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தால் உப்புத்தாள் கூட வேலை செய்யும்.

முதல் கட்டத்தில் கார் ஷாம்பூவும் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய டூத் பிரஷும். ஐந்து நிமிடம் தேய்த்தேன். மேலோட்டமான வெள்ளை போனது, தீற்றலின் நடுவில் தடியாக இருந்தது போகவில்லை. ஆனால் இதைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் என் வேக்ஸ் அப்போது ஒன்பது நாள் பழசு. பூசிய அன்றே, அது முழுக்கக் காய்வதற்குள் கவனித்திருந்தால் ஈர மைக்ரோஃபைபர் துணியும் இரண்டு சொட்டு ஷாம்பூவுமே போதும், இந்தக் கட்டுரையே தேவையில்லை. பாத்திரம் கழுவும் லிக்விடும் கிட்டத்தட்ட இதே பலன்தான், எண்ணெயை எடுக்கும், கர்னாபாவை எடுக்காது. பாத்திரம் தேய்க்கிற பவுடரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வெள்ளையை எடுக்கப் போய் இன்னொரு வெள்ளைப் பொடியைக் குழிக்குள் இறக்குவது போலாகிவிடும், சமையல் சோடாவுக்கும் இதுவேதான்.

இரண்டாவது கட்டம் ரப்பர். பென்சில் அழிக்கிற ரப்பரேதான். மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளை அப்சரா நான்-டஸ்ட் ரப்பரைக் கடன் வாங்கினேன், ஐந்து ரூபாய் சரக்கு, நம்பிக்கையே இல்லாமல்தான் ஆரம்பித்தேன். கிளாடிங் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் வழுக்கும். ரப்பரின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, நோட்டில் தப்பாக எழுதியதை அழிக்கிற அதே அழுத்தத்தில் முன்னும் பின்னுமாக நாலைந்து இழுப்பு. முதலில் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ரப்பர் சூடாகி உதிர ஆரம்பிக்கும், உதிரும் துணுக்குகள் சாம்பல் கலந்த வெள்ளையாகச் சுருண்டு விழும், அந்தச் சுருளில் வேக்ஸ் ஒட்டிக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். துணி போகாத குழிக்குள் ரப்பர் துணுக்கு போகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு கையளவு இடத்துக்கு மூன்று நிமிடம் ஆனது. சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பத்தில் எட்டு போய்விட்டது, பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு அப்படியே இருந்தது, நிறமும் மாறவில்லை.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கலர் ரப்பர், வாசனை ரப்பர், பாதி நீலமாக இருக்குமே பேனா அழிக்கிற ரப்பர், இவை வேண்டாம். அந்த நீலப் பக்கத்தில் தேய்ப்புப் பொடி இருக்கிறது. இன்னொன்று, உதிர்ந்த துணுக்குகளை வண்டி மேல் விட்டுவிடாமல் உடனே துடைத்து எடுங்கள். சின்ன வயதில் ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் கோடை விடுமுறை முழுக்க ஒன்றாகக் கிடந்து ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ரப்பரை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்குக்கு இறங்குவதால் வருவது அது. கிளாடிங்கில் இரண்டு நிமிடத்தில் அப்படி எதுவும் ஆகாது, ஆனால் துணுக்கு போய் டெயில் லாம்ப் இடுக்கில் உட்கார்ந்து வெயிலில் கிடக்க வேண்டாமே.

மூன்றாவது, ஆல் பர்ப்பஸ் கிளீனர். காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் டீடெய்லிங் ஆட்கள் ஏபிசி என்று சொல்வார்கள். பத்துக்கு ஒன்று என்று தண்ணீர் கலந்து தொடங்கி, போதவில்லை என்றால் ஐந்துக்கு ஒன்று. தெளித்து, அரை நிமிடம் ஊறவிட்டு, டூத் பிரஷால் வட்டமாகத் தேய்த்து, காய்வதற்குள் ஈரத்துணியால் எடுக்க வேண்டும். காய்வதற்குள் என்பதுதான் இதில் உயிர்நாடி. கோயம்புத்தூர் வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அதில் தெளித்தால் நீங்கள் பிரஷைத் தேடுவதற்குள் காய்ந்து கறையாகிவிடும், அப்புறம் வேக்ஸுக்குப் பதில் கிளீனர் கறையோடு மல்லுக்கட்ட வேண்டும். நிழலில் செய்தேன், இரண்டு தடவையில் பத்தில் ஏழு போனது. ரப்பர் போட்ட இடத்தின் மேலேயே இதைச் செய்து பார்த்தபோதுதான் ஆச்சரியம், மிச்சமிருந்த இரண்டும் போய்விட்டது. ரப்பர் கட்டியை உடைத்து எடுக்கிறது, கிளீனர் மிச்ச மாவைக் கழுவுகிறது. தனித்தனியாக இரண்டும் சுமார், சேர்ந்தால் நல்ல ஜோடி.

நாலாவது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கொரோனாவுக்குப் பிறகு இது பல வீட்டில் இருக்கிறது. 70 சதவீதக் கரைசலைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். எண்ணெய்ப் பசை நன்றாகப் போனது, பாலிஷ் பொடியும் ஓரளவு வந்தது, ஆனால் காய்ந்து இறுகிய கர்னாபா சாதாரணச் சூட்டில் இருக்கும் ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது என்பதால் தடியான இடங்களில் வேலைக்கு ஆகவில்லை. பத்தில் ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். இதன் நல்ல குணம், பின்னால் எதையும் விட்டுவைக்காமல் ஆவியாகிப் போகிறது, பாலிப்ரோப்பிலீனுக்கும் கேடில்லை. கடைசியாக ஒரு துடைப்புக்கு இதைவிட நல்லது இல்லை. சானிடைசர் ஜெல்லை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம், அதில் கெட்டியாக்கச் சேர்ப்பது காய்ந்ததும் வெள்ளைத் திரித்திரியாக உதிரும், கையில் தேய்த்தபோது பார்த்திருப்பீர்கள். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பூஜை நாளில் பக்கத்தில் கற்பூரம் எரியும்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவது கட்டம்தான் எனக்கே தயக்கமாக இருந்தது, மினரல் டர்பன்டைன். பெயின்ட் கடைகளில் எனாமல் பெயின்டில் கலக்கக் கொடுப்பார்களே, அது. வேக்ஸ் டப்பாவுக்குள் மெழுகைக் கரைத்து வைத்திருந்ததும் இதன் பங்காளிதான் என்பதால் கரைப்பதில் இதை அடிக்க முடியாது. துணியின் ஒரு முனையை லேசாக நனைத்து, ஒரே தேய்ப்பில் தீற்றல் காணாமல் போனது. பத்தில் ஒன்பதரை. ஆனால் அடுத்த அரை மணி நேரம் அந்த இடம் மட்டும் திட்டாக அடர் கறுப்பாக நின்றது, ஏனென்றால் பாலிப்ரோப்பிலீனும் அதே ஹைட்ரோகார்பன் குடும்பம், கரைப்பானைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆவியானதும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. நனைத்து ஊறவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் பெயின்டில் பட்டால் அங்கே இருக்கும் வேக்ஸும் போய்விடும், அது பெரிய நஷ்டம் இல்லை. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அந்த ரப்பர் மண்ணெண்ணெய், டர்பன்டைன், பெட்ரோல் எதைக் குடித்தாலும் உப்பும், பிறகு தளர்ந்துபோகும். மெக்கானிக் சொன்ன மண்ணெண்ணெயும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் மெதுவாக ஆவியாகும், வாடை நாலு நாளைக்குப் போகாது, அதுவும் இப்போது மண்ணெண்ணெய் தேடி அலைவதற்குப் பதில் பெயின்ட் கடையில் இதைக் கேட்டு வாங்கிவிடலாம். டபிள்யூடி-40 அடித்தாலும் வேக்ஸ் இளகி வரும், அதிலும் பெரும்பங்கு பெட்ரோலியக் கரைப்பான்தான், கூடவே எண்ணெய் இருப்பதால் முடித்ததும் ஷாம்பூ போட்டுக் கழுவியே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணெயில் புழுதி குடிவரும்.

தின்னர் மட்டும் கூடவே கூடாது. "டர்பன்டைன் இல்லைங்க, தின்னர் தரட்டுங்களா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டும் ஒன்றில்லை. தின்னரில் டொலுவீன், அசிட்டோன் மாதிரியான காரமான கரைப்பான்கள் இருக்கும். கிரில், மிரர் கவர் போன்றவை ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் மேல்தோலே கரையும், ஹெட்லைட்டின் பாலிகார்பனேட்டில் தெறித்தால் சிலந்திவலை மாதிரி விரிசல் விடும்.

ஆறாவதும் ஏழாவதும் தின்னும் பொருள்கள். பீனட் பட்டரைப் பக்கத்து வீட்டுப் பையனே ஒரு ஸ்பூன் கொண்டுவந்து கொடுத்தான், எதிர்பார்ப்போடு பக்கத்திலேயே நின்றான். வேலை செய்கிறதா என்றால் செய்கிறது, அதில் பாதி எண்ணெய், எண்ணெய் மெழுகை இளக்கும், கடலை அரைபட்ட துகள் லேசாகத் தேய்க்கும். பிரஷால் தேய்த்துக் கழுவியதும் பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் காலை கிளாடிங் இடுக்கில் எறும்பு வரிசை. கழுவினது போதவில்லை என்று அர்த்தம், மறுபடி ஷாம்பூ போட்டேன். எலி ஏறி ஒயரைக் கடிக்கும் ஊரில் வண்டிக்குக் கடலை வாசனை காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேங்காயெண்ணெய்தான் உண்மையில் அழகாக ஏமாற்றியது. நாலு சொட்டு, துணியால் ஒரு தேய்ப்பு, கட்டம் முழுக்கப் புது வண்டி மாதிரி கறுகறுவென்று மின்னியது. "பாத்தியா மாப்ளே" என்றார் மச்சான். பார்த்தேன். ஒரு வாரத்தில் எங்கள் தெருப் புழுதி முழுக்க அந்தக் கட்டத்தில் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு அவர் சொன்னபடி ஞாயிறுதோறும் பூசிக்கொண்டு வந்தேன், பரிசோதனை என்று வந்தபிறகு பாதியில் விடக்கூடாது இல்லையா. மார்கழி வந்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும், இது தெரியாத வீடு கிடையாது, பாட்டிலை வெயிலில் வைத்து எடுப்பது வழக்கம்தானே. ஒரு விடியற்காலையில் கோலம் போட வந்த அம்மாதான் முதலில் பார்த்தார், அந்த ஒரு கட்டம் மட்டும் மங்கலாக வெள்ளை பூத்திருந்தது. வேக்ஸ் போகவே இல்லை, எண்ணெய் அதை மூடிவைத்திருந்தது, குளிரில் எண்ணெயும் சேர்ந்து வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. மச்சான் வண்டி கறுப்பாகவே இருப்பதற்குக் காரணம் அவர் வாரம் தவறாமல் பூசுவதுதான்.

இதே ஏமாற்று வேலையைக் காசு கொடுத்தும் வாங்கலாம். இந்தப் பரிசோதனைக்கு முன்னாலேயே ஒரு வாட்டர் வாஷ் கடையில் விஷயத்தைச் சொல்லி விட்டேன். அரை மணி நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பிளாஸ்டிக் எல்லாம் கறுப்பாகப் பளபளத்தது, கை வைத்தால் வழுவழுவென்று இருந்தது, டயருக்கு அடிக்கும் பாலிஷையே இதற்கும் அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஐப்பசி மழை. மழை விட்டதும் கறுப்புத் தண்ணீர் கோடு கோடாகப் பம்பரில் இறங்கியிருந்தது, அதற்குப் பின்னால் என் வெள்ளைத் தீற்றல் பத்திரமாக இருந்தது. டிரிம் டிரெஸ்ஸிங்கை, அதாவது கறுப்பு பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பூச்சை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சுத்தம் செய்த பிறகு பூசினால் வெயிலிலிருந்து கொஞ்சம் காப்பாற்றும். வேக்ஸ் மேலேயே பூசுவதுதான் பிரச்சினை, அதிலும் மாதக்கணக்கில் நிற்கும் கோட்டிங் வகை என்றால் வெள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி.

நான் செய்து பார்க்காத இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று, மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச். கையில் மென்மையாக இருக்கும், ஆனால் மிக நுண்ணிய உப்புத்தாளின் வேலையைத்தான் அது செய்கிறது. வேக்ஸைப் போக்கும், கூடவே குழியின் மேட்டையும் சீவிவிடும். நண்பர் ஒருவர் வண்டியில் பார்த்திருக்கிறேன், தேய்த்த இடம் மட்டும் வழவழவென்று ஒரு திட்டு, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வெளிச்சம் அங்கே மட்டும் பட்டுத் தெறிக்கும். வேக்ஸாவது என்றைக்காவது போகும், இது போகவே போகாது. இன்னொன்று ஹீட் கன், கொதிக்கும் காற்றை ஊதும் கருவி. வெளுத்த பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்க அதைக் காட்டுகிறார்கள், வேக்ஸும் உருகும். ஆனால் பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் உருகும், ஹீட் கன் காற்று 300 டிகிரிக்கு மேல் சாதாரணமாகப் போகும், ஒரு போன் கால் வந்து கை நின்றால் முடிந்தது. தலை காயவைக்கும் டிரையர் பரவாயில்லை, அதைவிட நம் வெயிலே பரவாயில்லை. மதியம் ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, பிளாஸ்டிக் நன்றாகச் சூடான பிறகு நிழலுக்கு ஓட்டிவந்து ரப்பர் போட்டேன் வலது பக்கத்துக்கு, இடது பக்கத்தைவிடப் பாதி நேரத்தில் வேலை முடிந்தது. கைதான் கொஞ்சம் சுட்டது.

ஸ்டீம் வாஷ் இருக்கும் கடை பக்கத்தில் இருந்தால், வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜன்னல் ஜன்னலான பிளாஸ்டிக்குக்கும் ரூஃப் ரெயில் இடுக்குகளுக்கும் அதுதான் சரி, ரப்பரும் பிரஷும் அங்கே நுழையாது. நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக், இரண்டு கதவுக்கும் நடுவில் தூண் மேல் இருக்குமே, அதற்கு மேலே சொன்னவற்றில் ஆல்கஹாலைத் தவிர எதையும் செய்யாதீர்கள். ரப்பர், பிரஷ் இரண்டுமே கீறல் போடும். குழியே இல்லாததால் வேக்ஸ் அங்கே பெரிதாக ஒட்டுவதும் இல்லை, ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரு துடைப்பு போதும்.

சரி, இப்போது என் வண்டி என்றால் என்ன செய்வேன்? அன்றே பார்த்தால் ஷாம்பூ தண்ணீர். ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருந்தால் வெயிலில் காட்டி எடுத்து ரப்பர், பிறகு நிழலில் ஏபிசியும் டூத் பிரஷும், கடைசியில் ஆல்கஹால் துடைப்பு. முழு வண்டிக்கு எனக்கு இரண்டு மணி நேரமும் மூன்று ரப்பரும் ஆனது. மாதக்கணக்கில் ஊறிப்போன தடித்த தீற்றல் என்றால் நேரத்தை வீணாக்காமல் டர்பன்டைன், பீடிங் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, துணியில் மட்டும் எடுத்து, முடித்த உடனே ஷாம்பூ போட்டுக் கழுவி. எதுவானாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில், சக்கரத்துக்குப் பின்பக்கமாகவோ பம்பருக்கு அடியிலோ, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செய்து காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வேக்ஸ் பூசும்போது கிளாடிங் ஓரம் முழுக்க டேப் ஒட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன், பகலில். ஒரு சுருள் டேப், ஒட்டப் பதினைந்து நிமிடம். ஏழாவது கட்டத்தை மட்டும் இன்னும் சுத்தம் செய்யவில்லை, மச்சான் பொங்கலுக்கு வருகிறார், அவர் பார்த்த பிறகு ரப்பரை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.